ஊர்ச் சபையின் ஊதுகருவிக் குழுவை 48 வருடம் நடத்தியவர் விலகுகிறார்: அடுத்து யார்?

ரேவன்ஸ்பெர்க்காரன்:

வணக்கம். இதை இசைப் பகுதியில் போடுவதா, வெளிநாட்டு வாழ்க்கைப் பகுதியில் போடுவதா என்று தெரியவில்லை. நெறியாளர் வேண்டுமானால் மாற்றிக்கொள்ளட்டும்.

நான் குடியிருப்பது ஜெர்மனியில், ஹெர்ஃபோர்டுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஊர். இந்த வட்டாரத்தில் புராட்டஸ்டண்ட் சபை என்று ஒன்று இருந்தால் அநேகமாக அதற்கு ஒரு போசௌனன்கோர் இருக்கும். போசௌன என்றால் டிராம்போன்தான். ஆனால் குழுவில் டிரம்பெட், ஃப்ளூகல்ஹார்ன், டியூபா எல்லாம் உண்டு. தொழில்முறைக் கலைஞர் யாரும் கிடையாது. பால்பண்ணைக்காரர், பல் மருத்துவமனை உதவியாளர், பள்ளிப் பிள்ளைகள், பென்ஷன்காரர்கள் என்று கலந்துகட்டி ஒரு கூட்டம். நாடு முழுக்க இப்படி ஆயிரக்கணக்கான குழுக்கள்; ஊதுகிறவர்கள் சுமார் ஒரு லட்சம்.

எங்கள் குழுவை நடத்துகிறவர் ஓய்வுபெற்ற தச்சர். 23 வயதில் பொறுப்பேற்றவர், இப்போது 71. சம்பளம் கிடையாது. வியாழன் மாலை சபை மண்டபத்தில் ஒத்திகை, அதற்கு முன் ஒரு மணி நேரம் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பாடம். ஞாயிறு ஆராதனை, அடக்கம், யாருக்காவது 80 வயது நிறைந்தால் வீட்டு வாசலில் நான்கு பாட்டு, நவம்பரில் மார்ட்டின் ஊர்வலம், கிறிஸ்துமஸ் ராத்திரி கோபுரத்தின் மேல், ஈஸ்டர் விடியலில் கல்லறைத் தோட்டம். இவ்வளவுக்கும் ஆள் சேர்த்து, நேரம் சொல்லி, முன்னால் நின்று கையசைப்பது அவர்தான்.

போன மாதம் ஒத்திகை முடிவில், "அட்வென்ட்டோடு நிறுத்திக்கொள்கிறேன்" என்றார் (அட்வென்ட் என்பது கிறிஸ்துமஸுக்கு முந்தின நான்கு வாரம்). முதலில் எல்லாரும் கை தட்டினோம். அப்புறம்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

அடுத்து யார் என்ற பேச்சில் என் பெயரும் அடிபடுகிறது. முப்பத்தைந்து வயதுக்கு மேல் அவரிடமே டிராம்போன் கற்றவன் நான். ஆகவே கேட்கிறேன்: இப்படி ஒருவர் ஆயுள் முழுக்கச் செய்கிற வேலை உண்மையில் என்ன? அதில் எதைத் தொடர வேண்டும், எதை விட்டுவிடலாம்? சபைப் பாடகர் குழு, பேண்ட் என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

சந்தேகப்பிராணி:

பெரியவர் மேல் மரியாதை உண்டு. ஆனால் ஒரே ஆள் 48 வருடம் நடத்தினார் என்பதை ஏன் எல்லாரும் சாதனையாகவே சொல்கிறீர்கள்? அத்தனை வருடத்தில் இன்னொருவரை அவர் உருவாக்கவில்லை என்றும் அதற்குப் பொருள் உண்டே. எங்கள் ஊர் வாசகசாலையில் இதைப் பார்த்திருக்கிறேன். செயலாளர் நல்ல மனிதர், எல்லாவற்றையும் தானே செய்வார். அவர் படுத்தவுடன் மின்கட்டணம் எங்கே கட்டுவது என்றுகூட மற்றவர்களுக்குத் தெரியவில்லை.

நான் கடவுள் நம்பிக்கை இல்லாதவன். அதனால் சபை விஷயத்தில் கருத்துச் சொல்லக்கூடாது என்றால் சொல்லுங்கள், போய்விடுகிறேன்.

வுப்பெர்டால்_அக்கா:

நீங்கள் போகத் தேவையில்லை தம்பி, எங்கட ஊர்க் குழுவில் ஊதுறவர்களில் பாதிப் பேர் கோயில் பக்கம் மற்ற நாளில் வருவதே இல்லை. :)

நாங்கள் யாழ்ப்பாணத்தில் இருந்து 80களில் வந்த ஆட்கள், சைவம். மகளுக்கு ஒன்பது வயதில் டிரம்பெட் படிக்க ஆசை வந்தது. நகர இசைப் பள்ளியில் மாதக் கட்டணம், கருவி வாடகை என்று கேட்டபோது தலை சுற்றியது. பக்கத்து வீட்டு அம்மாதான் போசௌனன்கோருக்குக் கூட்டிக்கொண்டு போனா. கருவி இரவல், பாடம் இலவசம். "நாங்கள் இந்தச் சபையே இல்லை" என்று நான் சொன்னேன். நடத்துற ஐயா, "பிள்ளைக்கு முன் பல் முளைத்துவிட்டதா?" என்று மட்டும்தான் கேட்டார்.

அது பகிடி இல்லை. பால் பல் விழுந்து முன் பல் உறுதியாக முளைக்கும் வரைக்கும் மவுத்பீஸை உதட்டில் வைத்து அழுத்தக் கூடாது. அதனால்தான் எட்டு, ஒன்பது வயதில் தொடங்குகிறார்கள். பிறகு பன்னிரண்டில் பல்லுக்குக் கம்பி போடுவார்கள், அப்போது பாதிப் பிள்ளைகள் விட்டுவிட்டுப் போகும். மகளுக்கும் கம்பி போட்டது. உதடு கிழிந்து அழுதுகொண்டு வந்தாள். அவர் அவளிடம் டிரம்பெட்டை வாங்கி வைத்துவிட்டு, வாய் அகலமான மவுத்பீஸ் உள்ள டெனார்ஹார்ன் ஒன்றைக் கையில் கொடுத்தார். கம்பி கழற்றும் வரைக்கும் அதை ஊதினாள்.

நீங்கள் கேட்ட "வேலை என்ன" என்பதற்கு என்ர பதில் இதுதான். எந்தப் பிள்ளை எந்த வாரம் விட்டுவிட்டுப் போகப் போகிறது என்று ஒரு மாதம் முந்தியே தெரிந்து வைத்திருப்பது. முன்னால் நின்று கையசைப்பதை யாரும் பழகலாம்.

பழையபாட்டு:

இழை தொடங்கியவர் இருக்கும் இடத்துக்கும் இந்த விஷயத்துக்கும் உள்ள தொடர்பை அவரே சொல்லாமல் விட்டுவிட்டார். போசௌனன்கோர் என்ற அமைப்பின் பிறந்த வீடே ஹெர்ஃபோர்டு அடங்கிய அந்த மிண்டன்-ரேவன்ஸ்பெர்க் வட்டாரம்தான். இப்போது பீலஃபெல்டுக்குள் அடங்கிவிட்ட யோலன்பெக் கிராமத்தில் 1843இல் ஒரு குழு உருவானது. போதகர் ஃபோல்கெனிங் காலத்துச் சமய எழுச்சியில் நெசவுக்காரரும் குடியானவரும் வெட்டவெளியில் கூடினார்கள். ஆர்கனை வயலுக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது, பித்தளைக் குழலைத் தூக்கலாம். விஷயம் அவ்வளவுதான்.

அதைவிடப் பழைய மரபு ஹெர்ன்ஹுட் சகோதரர்களுடையது. மொரேவியர் என்று நாம் சொல்வது இவர்களைத்தான். 18ஆம் நூற்றாண்டிலேயே டிராம்போன் குழு வைத்திருந்தார்கள். (நம் ஊருக்கும் வந்தவர்கள். 1760இல் தரங்கம்பாடி பக்கம் குடியேறித் தோட்டம் போட்டு, 1803 வாக்கில் விட்டுவிட்டுப் போனார்கள். அங்கே டிராம்போன் ஊதினார்களா என்று கேட்காதீர்கள்.)

ரேவன்ஸ்பெர்க்குக்கு வருவோம். எடுவார்ட் கூலோ என்ற போதகரும் அவர் மகன் யோஹன்னஸ் கூலோவும்தான் (1856–1941) இந்த இயக்கத்தின் பெரிய பெயர்கள். மகனை 'போசௌனன்கெனரால்' என்றே அழைத்தார்கள், அதாவது டிராம்போன் தளபதி. அவர் செய்ததில் ஒன்று இன்றைக்கும் ஒவ்வொரு ஒத்திகையிலும் இருக்கிறது, அதைச் சொல்ல வேண்டும்.

பொதுவாக டிரம்பெட்டுக்கு இசை எழுதும்போது, எந்த வால்வையும் அழுத்தாமல் வரும் சுரத்தை 'சி' என்று எழுதுவார்கள். காதில் விழுவதோ பி ஃப்ளாட். எழுத்து வேறு, ஒலி வேறு. கூலோ மரபில் அந்த வேலையே கிடையாது. ஒலிப்பதையே எழுது, எழுதியதையே ஊது. ஏன் தெரியுமா? நான்கு குரலுக்கு எழுதிய ஞானப்பாட்டுப் புத்தகத்தை அப்படியே முன்னால் வைத்து ஊதலாம். மேல் இரண்டு குரலும் டிரம்பெட், ஃப்ளூகல்ஹார்ன். கீழ் இரண்டும் டிராம்போன், டியூபா. பாடுகிறவர், ஆர்கன்காரர், ஊதுகிறவர் மூவருக்கும் ஒரே பக்கம். தனித்தனியாகப் பிரதி எடுக்கக் காசில்லாத கிராமத்துக் குழுவுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள்.

நாகர்கோவில்_யூஃபோனியம்:

பழையபாட்டு அண்ணன் சொன்னதைப் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. இதே பிரச்சினைக்கு எங்க ஆட்கள் நேர் எதிராக ஒரு வழி கண்டுபிடித்தார்கள்.

நான் இரட்சணிய சேனை பேண்டில் வளர்ந்தவன். சேனையின் முதல் பேண்ட் இங்கிலாந்தில் சாலிஸ்பரியில், 1878இல். சார்ல்ஸ் ஃப்ரை என்ற கட்டட வேலைக்காரரும் அவருடைய மூன்று பையன்களும். தெருப் பிரசங்கத்தில் கலாட்டா பண்ணுகிறவர்களிடமிருந்து பிரசங்கிகளைக் காப்பாற்ற வந்தவர்கள், வரும்போது குழலையும் கொண்டுவந்தார்கள். அந்த பிரிட்டிஷ் பேண்ட் முறையில் கார்னெட் முதல் ஆள் உயர பாஸ் வரைக்கும் கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும் ஒரே டிரெபிள் கிளெஃபில்தான் (மேல் சுரங்களுக்கான குறியீட்டில்தான்) எழுதுவார்கள். பாஸ் டிராம்போன் மட்டும் விலக்கு. ஒலிப்பது ஒன்று, எழுத்து ஒன்று, ஆனால் விரல் ஒன்றே. கார்னெட் கற்ற பையனிடம் நாளைக்கு யூஃபோனியத்தைக் கொடுத்தால் அப்படியே வாசிப்பான். ஆள் குறைந்தால் இங்கிருந்து அங்கே மாற்றிக்கொள்ளலாம்.

ஆக, ஜெர்மன்காரன் புத்தகத்துக்குத் தக்கபடி ஆளைப் பழக்கினான், இங்கிலீஷ்காரன் ஆளுக்குத் தக்கபடி புத்தகத்தை எழுதினான். இரண்டுமே அமெச்சூர்களை வைத்துக் காலம் தள்ளுவதற்கான தந்திரம்தான்.

எங்கள் பேண்ட்மாஸ்டரும் சம்பளம் வாங்காதவர்தான். பகலில் தையல் கடை. முன் வரிசையில் யார் தப்பாக வாசித்தாலும் திட்டுவார், கடைசி வரிசையில் தப்பு வந்தால் திட்டவே மாட்டார். ஏன் என்று கேட்டதற்கு, "முன் வரிசைக்காரன் கோபித்துக்கொண்டு போனால் நாளைக்குத் திரும்பி வருவான், பின் வரிசைக்காரன் வரமாட்டான்" என்றார்.

சந்தேகப்பிராணி:

கூலோ பற்றிப் படித்துப் பார்த்தேன். டிராம்போன் தளபதி 1933இல் ஹிட்லரை வரவேற்றவர், கட்சி உறுப்பினர். அதைப் பழையபாட்டு சொல்லவில்லையே?

பழையபாட்டு:

சொல்லியிருக்க வேண்டியதுதான், உண்மையும் அதுதான். ஜெர்மனியிலும் அதைப் பற்றிப் பேசுகிறார்கள், அவர் பெயரில் இருப்பவற்றை என்ன செய்வது என்ற விவாதம் உண்டு. 'தளபதி' என்ற பட்டத்தையே இப்போது கூச்சத்தோடுதான் உச்சரிக்கிறார்கள். ஒருவரைச் சுற்றி ஒரு இயக்கம் கட்டப்பட்டால் அவருடைய தவறும் இயக்கத்தின் தவறாகிவிடுகிறது. உங்கள் முதல் பதிவுக்கு இது சாதகமான வாதம், எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இன்னொன்றும் உண்டு. கூலோ போதகர். 1893 முதல் பீலஃபெல்டில் உள்ள பெத்தெல் என்ற சபைச் சேவை நிறுவனத்தில் பொறுப்பில் இருந்தவர், பிழைப்பும் அதில்தான். நாம் பேசுவது வேறு ரகம். பகலில் பலகை இழைத்துவிட்டு மாலையில் வந்து கையசைக்கிறவர். அவர்களுடைய பெயர் எந்த வரலாற்றிலும் கிடையாது. கூலோவின் கொள்கை எதுவானாலும் கிராமத்துக் குழு எப்படி ஒலித்தது என்பதைத் தீர்மானித்தவர்கள் இவர்கள்தான்.

ரேவன்ஸ்பெர்க்காரன்:

எல்லாருக்கும் நன்றி. கூலோ விஷயம் இங்கே எல்லாருக்கும் தெரியும், யாரும் மூடி மறைப்பதில்லை.

ஒலி பற்றிச் சொன்னதால் ஒன்று சொல்கிறேன். எங்கள் ஒத்திகை மண்டபத்தில் ஒரு அலமாரி இருக்கிறது. அதன் கீழ்த்தட்டில் முட்டை வடிவத்தில் வளைத்த பழைய ஃப்ளூகல்ஹார்ன்கள் நான்கு. கூலோஹார்ன் என்பார்கள், பீலஃபெல்டில் செய்தது. மெத்தென்ற சத்தம், மனிதக் குரல் மாதிரி. கூலோவுக்கு அதுதான் இலட்சியம்: ஊதுவது பாடுவது போல இருக்க வேண்டும். மேல்தட்டில் ஒடுக்கமான குழாய் உள்ள டிராம்போன்கள். போருக்குப் பிறகு ஹெர்ஃபோர்டில் சபை இசைக் கல்லூரி தொடங்கிய வில்ஹெல்ம் ஏமான், அந்த மெத்தென்ற சத்தம் போதும், 16, 17ஆம் நூற்றாண்டு இசைக்குப் போவோம், தெளிவாக, கணீரென்று ஊதுவோம் என்றார். இரண்டு தரப்பும் பல வருடம் முட்டிக்கொண்டன.

எங்கள் பெரியவர் கற்றது முதல் தரப்பிடம். பயிற்சி வகுப்புக்குப் போனதோ இரண்டாம் தரப்பிடம். அவர் எடுத்த முடிவு என்ன என்று ஒருமுறை கேட்டேன். "அடக்கத்துக்குக் கீழ்த்தட்டு, ஈஸ்டருக்கு மேல்தட்டு" என்றார். ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுகிறவர்கள் கவனிக்கவும்.

அவரிடம் நான் கற்றதில் முக்கியமானது மூச்சு. முதல் நாளில் நான் ஒவ்வொரு வரி முடிவிலும் மூச்சு வாங்கினேன். பாட்டுப் புத்தகத்தைத் திறந்து மூன்றாவது சரணத்தைச் சத்தமாக வாசிக்கச் சொன்னார். அங்கே வாக்கியம் வரி தாண்டி அடுத்த வரியின் நடுவில் முடிகிறது. "சபை அங்கே மூச்சு வாங்காது. நீ வாங்கினால் அவர்களுடைய வாக்கியத்தை அறுக்கிறாய்" என்றார். அதனால் எங்கள் தாள்களில் ஒரே மெட்டுக்குச் சரணத்துக்குச் சரணம் வேறு வேறு இடத்தில் பென்சில் கோடு இருக்கும். முதல் சரணத்துக்குச் சாதாரணக் கோடு, மூன்றாவதற்குச் சுழித்த கோடு. 48 வருடத்துப் பென்சில்.

சந்தேகப்பிராணி கேட்டதும் நியாயம்தான். அவர் யாரையும் உருவாக்கவில்லை என்று சொல்ல முடியாது. பக்கத்து ஊர்களில் குழு நடத்துகிற மூன்று பேர் அவரிடம் கற்றவர்கள். ஆனால் எங்கள் ஊரில் அவர் இருக்கும்போது யாரும் முன்னால் வரவில்லை. ஏன் வர வேண்டும்? அவர்தான் இருக்கிறாரே!

அந்த_சேலம்_இல்லை:

நான் இருப்பது வடக்கு கரோலினாவில், வின்ஸ்டன்-சேலம். (மாம்பழம் கேட்காதீர்கள்.) இங்கே மொரேவியர் சபைகளின் ஈஸ்டர் விடியல் ஆராதனை 1772 முதல் நடக்கிறது. ராத்திரி இரண்டு மணி சுமாருக்கே பித்தளைக் குழுக்கள் சிறு சிறு கூட்டமாகப் பிரிந்து தெருத்தெருவாக ஊதி ஊரை எழுப்பும். விடியலில் எல்லாம் கல்லறைத் தோட்டத்தில் சேரும். கல்லறைக் கற்கள் எல்லாம் ஒரே அளவு, தரையோடு தரையாகக் கிடக்கும். பணக்காரன், ஏழை பேதம் இல்லை. ஒரு மூலையில் ஒரு குழு ஒரு வரியை ஊத, மறு மூலையிலிருந்து இன்னொரு குழு அடுத்த வரியை எடுக்கும். நூற்றுக்கணக்கானவர்கள், எல்லாம் தன்னார்வலர்கள்.

20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பெர்னார்ட் ஃபோல் என்பவர் பல பத்தாண்டுகள் இதை முன்னின்று நடத்தியிருக்கிறார். அவருக்குப் பிறகும் அது நிற்கவில்லை. என் கணிப்பில் காரணம் இதுதான்: அந்த ராத்திரியில் ஒரே தலைவரால் எல்லாத் தெருவிலும் நிற்க முடியாது. ஒவ்வொரு சிறு கூட்டத்துக்கும் ஒரு ஆள் பொறுப்பு. வருடா வருடம் பல பேர் ஒரு இரவுக்காவது தலைவராக இருந்துவிடுகிறார்கள். உங்கள் ஊரில் அப்படி ஏதாவது உண்டா?

ரேவன்ஸ்பெர்க்காரன்:

அட, இருக்கிறது! கிறிஸ்துமஸுக்கு முன்னால் இரண்டாகப் பிரிந்து, முதியோர் இல்லத்துக்கு ஒரு கூட்டமும் ஆஸ்பத்திரிக்கு ஒரு கூட்டமுமாகப் போவோம். பெரியவர் ஒன்றில்தான் இருக்க முடியும். மற்றதை நர்சிங் படிக்கிற ஒரு பெண் நடத்துவாள், 22 வயது. பத்து வயதில் அவரிடம் சேர்ந்தவள். இவ்வளவு நாள் அவளை அந்த இரண்டு மணி நேரத்துக்கான ஆளாகவே நினைத்திருந்தோம்.

வுப்பெர்டால்_அக்கா:

பிறகு என்ன, தலைவி கிடைத்துவிட்டாவே!

பழையபாட்டு:

ஒரு காலத்தில் இந்தக் குழுக்களில் பெண்களையே சேர்க்கமாட்டார்கள், போருக்குப் பிறகுதான் மெல்ல மெல்லக் கதவு திறந்தது என்பதையும் இங்கே போட்டு வைக்கிறேன்.

நடைமுறையாகச் சிலது. மாநிலச் சபை ஒவ்வொன்றிலும் இதற்கென்றே முழுநேரச் சம்பளத்தில் ஆள் வைத்திருக்கிறார்கள், லாண்டஸ்போசௌனன்வார்ட் என்று பெயர். அவர்களுடைய முக்கிய வேலையே இப்படிப்பட்ட தன்னார்வத் தலைவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதுதான். வார இறுதி வகுப்புகள், விடுமுறை முகாம்கள், 'டி' தேர்வு, அதற்கு மேல் 'சி' தேர்வு. அந்தப் பெண்ணை 'டி' வகுப்புக்கு அனுப்புங்கள், செலவைச் சபை ஏற்கட்டும். இன்னொன்று, இந்த மாதிரிப் பயிற்றுநர் வேலைக்குச் சபை ஏதாவது தொகை கொடுத்தால் அதற்கு வரிவிலக்கு உண்டு. 2021இலிருந்து ஆண்டுக்கு 3,000 யூரோ வரைக்கும் என்று உயர்த்தினார்கள், அதற்குப் பின் மாறியிருந்தால் விசாரித்துக்கொள்ளுங்கள். பெரியவர் வாங்கவில்லை என்பதற்காகப் படிக்கிற பெண்ணும் வாங்கக் கூடாது என்று யாராவது ஆரம்பிப்பார்கள். விடாதீர்கள்.

சந்தேகப்பிராணி:

கடைசி வரிக்கு நூறு லைக். தியாகம் என்பது ஒருவர் தானாகச் செய்தால் அழகு, அடுத்தவருக்கு அதுவே தகுதி நிபந்தனையானால் சுரண்டல்.

நாகர்கோவில்_யூஃபோனியம்:

சரி. கையசைக்க ஆள் கிடைத்துவிட்டது. அதற்கு முந்தின ஒரு மணி நேரப் பாடத்தை யார் எடுப்பது? வுப்பெர்டால் அக்கா சொன்ன பல்லு விவகாரத்தை யார் பார்ப்பது? எங்கள் பேண்ட் நொடித்தது அங்கேதான். தையல்கடை மாஸ்டருக்குப் பிறகு வந்தவர் அவரைவிட நல்ல வாசிப்புக்காரர், கச்சேரியெல்லாம் பிரமாதம். ஆனால் சிறு பிள்ளைகள் வகுப்பு அவருக்குப் பிடிக்காது. ஐந்து வருடம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு பையன்கள் காலேஜுக்கும் வளைகுடாவுக்கும் போனபோது பார்த்தால், பின்னால் யாருமே இல்லை.

ஒரு பிள்ளை புதிதாகச் சேர்ந்து குழுவோடு உட்கார இரண்டு வருடம் ஆகும். அதனால் பாடத்தை நிறுத்தினால் அதன் பலன் உடனே தெரியாது.

ரேவன்ஸ்பெர்க்காரன்:

இது முதுகில் சில்லென்று இறங்கியது. ஏனென்றால் குழுக் கூட்டத்தில் எல்லாரும் பேசியது டிசம்பர் கச்சேரியை யார் நடத்துவது என்று மட்டும்தான். புதுப் பிள்ளைகள் நான்கு பேர் இருப்பதை யாரும் வாயே திறக்கவில்லை.

பாடம் எடுக்க எனக்கு ஆசை உண்டு, ஆனால் நான் டிரம்பெட் ஊதமாட்டேனே?

நாகர்கோவில்_யூஃபோனியம்:

முதல் ஆறு மாதத்துக்கு உதடு, மூச்சு, நீள சுரம், இது மூன்றுதான். எந்தக் கருவிக்கும் பொது. மவுத்பீஸை மட்டும் கையில் கொடுத்து தேனீ மாதிரி ரீங்காரம் விடச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு அதைவிடக் குஷி கிடையாது. அதற்குப் பிறகு டிரம்பெட்காரர் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

டியூபா_மாணவன்:

இடையில் ஒரு சின்னக் கேள்வி. நானும் ஜெர்மனியில்தான், போன வருடம் சேர்ந்தேன். குளிரில் வெளியே ஊதும்போது மொத்தக் குழுவும் சுருதி இறங்குகிறதே, அதற்கு என்ன செய்கிறீர்கள்?

பழையபாட்டு:

காற்று குளிர்ந்தால் ஒலியின் வேகம் குறையும். 20 டிகிரியில் விநாடிக்கு 343 மீட்டர், பூஜ்ஜியத்தில் 331. கணக்குப்படி அரைச்சுரத்தில் பாதிக்கும் மேல் இறங்க வேண்டும். மூச்சின் சூடு உள்ளே போவதால் அவ்வளவு இறங்காது. ஆனால் டியூபா பெரிய குழாய், சூடாவதற்குள் பாட்டு முடிந்துவிடும். டிரம்பெட் சூடாகி ஏறும், டியூபா கீழேயே நிற்கும். அதுதான் காதைக் குத்துவது.

ரேவன்ஸ்பெர்க்காரன்:

எங்கள் வழி: மவுத்பீஸ் சட்டைப் பைக்குள், பாட்டுக்குப் பாட்டு நடுவில் சத்தம் வராமல் குழாய்க்குள் சூடாக மூச்சு விட்டுக்கொண்டே இருப்பது. கல்லறைத் தோட்டத்தில் போதகர் பைபிள் வாசிக்கும்போது பெரியவர் எங்கள் பக்கம் திரும்பி கன்னத்தை உப்பிக் காட்டுவார். ஊது, சும்மா நிற்காதே என்று அர்த்தம். புதிதாகப் பார்க்கிற துக்க வீட்டார் பயந்துபோவார்கள்.

வுப்பெர்டால்_அக்கா:

குளிர் என்றவுடன் 2020 ஈஸ்டர் ஞாபகம் வருது, அன்றைக்கு வெயில்தான் எண்டாலும். கோயில் எல்லாம் பூட்டு. ஏப்ரல் 12, காலை 10.15க்கு நாடு முழுக்க ஊதுகிறவர்கள் அவரவர் வாசலிலும் பால்கனியிலும் நின்று ஒரே ஈஸ்டர்ப் பாட்டை ஊதினார்கள். எங்கட மகள் நான்காம் மாடி பால்கனியில். எதிர் வீட்டுத் துருக்கிக் குடும்பம் வெளியே வந்து நின்று கேட்டது. எங்கட ஐயா அவருடைய வீட்டில் இருந்து ஊதினது எங்களுக்குக் கேட்காது, தூரம். ஆனால் முடிந்ததும் தொலைபேசி எடுத்து, "மூன்றாவது வரியில் அவசரப்பட்டாயா?" என்று கேட்டார். அவசரப்பட்டாள்தான்!

சந்தேகப்பிராணி:

சரி, தோற்றுவிட்டேன் என்று எழுதமாட்டேன், ஆனால் அந்த ஐயாவை எனக்குப் பிடித்திருக்கிறது.

ஒரு கடைசிக் கேள்வி. பெரியவர் விலகிய பிறகு எங்கே உட்காருவார்? இது சின்ன விஷயம் இல்லை. பழைய தலைமையாசிரியர் ஸ்டாஃப் ரூமிலேயே உட்கார்ந்திருந்தால் புது தலைமையாசிரியர் பாடு எப்படி இருக்கும் என்று பார்த்திருக்கிறேன்.

அந்த_சேலம்_இல்லை:

ஒரு வருடம் வேறு ஊர்க் குழுவில் ஊதச் சொல்லுங்கள். அவருக்கும் நல்லது, அந்தப் பெண்ணுக்கும் நல்லது.

ரேவன்ஸ்பெர்க்காரன்:

இரண்டு வாரம் கழித்து வருகிறேன், நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

வேலையை மூன்றாகப் பிரித்தோம். நர்சிங் படிக்கிற பெண் ஒத்திகையும் ஆராதனையும். வகுப்புக்குப் பதிவு செய்தாயிற்று, சபை செலவை ஏற்றுக்கொண்டது, மாதம் ஒரு சிறு தொகையும் உண்டு (பழையபாட்டு சொன்னது போலவே ஒருவர் ஆரம்பித்தார், விடவில்லை). பிள்ளைகள் பாடம் நானும் டிரம்பெட் ஊதுகிற பால்பண்ணைக்காரரும். அடக்கத்துக்குப் பகல் நேரத்தில் ஆள் திரட்டுவது, தொலைபேசி, நாள்காட்டி எல்லாம் ஒரு பென்ஷன்கார அம்மா. பெரியவர் இது மூன்றையும் தச்சுப் பட்டறையும் வைத்துக்கொண்டு எப்படிச் செய்தார் என்று இப்போதுதான் கணக்குப் போட்டுப் பார்க்கிறோம்.

உட்காரும் இடம் பற்றி அந்தப் பெண்ணே நேரில் போய்ப் பேசிவிட்டாள். ஈஸ்டர் வரைக்கும் ஒத்திகைக்கு வர வேண்டாம், அடக்கத்துக்கு மட்டும் வாருங்கள், ஈஸ்டருக்குப் பிறகு நான்காம் குரலில், கடைசி நாற்காலி. அவர் ஒப்புக்கொண்டார். ஒரே ஒரு நிபந்தனை, பழைய பென்சில் கோடுகளை அழிக்கக்கூடாது. அவள், "அழிக்கமாட்டேன், ஆனால் மேலே பேனாவில் எழுதுவேன்" என்றாளாம்.

நாகர்கோவில்_யூஃபோனியம்:

பலே! அலமாரிச் சாவி யாரிடம்?

ரேவன்ஸ்பெர்க்காரன்:

இன்னும் அவரிடம்தான். உள்ளே இருக்கிற கருவி ஒவ்வொன்றிலும் என்ன கோளாறு, எந்த வால்வு ஒட்டும், எந்தப் பிள்ளையிடம் எது இரவலில் இருக்கிறது என்று எழுதி முடித்துவிட்டுத் தருகிறேன் என்கிறார். நேற்று விசாரித்தேன். நான்காம் பக்கத்தில் இருக்கிறாராம், இன்னும் மேல்தட்டே முடியவில்லை.